பாட்டன் பிறந்த ஊர்: இந்தியச் சீன இளைஞரும் தில்லியின் சட்டங்களும்

1936ஆம் ஆண்டில் நியூயார்க்கின் கிங் ஹாக் கழகம், அமெரிக்கச் சீன இளைஞர்களுக்காக ஒரு கட்டுரைப் போட்டியை நடத்தியது. 'என் எதிர்காலம் சீனத்தில் உள்ளதா, அமெரிக்காவில் உள்ளதா?' என்பது தலைப்பு. முதல் பரிசு பெற்ற ராபர்ட் டன் ஹார்வர்டு மாணவர். தாம் பிறந்து வளர்ந்த அமெரிக்காவிலேயே தம் எதிர்காலம் உள்ளது என்று வாதிட்டார். இரண்டாம் பரிசு பெற்ற கே ஹாங் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர். நிறவெறியால் வேலைக் கதவுகள் அடைபட்ட நாட்டில் காத்திருப்பதைவிட, தம்மைப் போன்றோரின் உழைப்பை வேண்டி நிற்கும் சீனத்துக்குச் செல்வதே சரி என்றார். இரு கட்டுரைகளும் அச்சேறின. அமெரிக்கச் சீன இளைஞரிடையே பெரும் விவாதம் எழுந்தது. புலம்பெயர்ந்த சமூகத்தின் இரண்டாம் தலைமுறை, தன் இரட்டை அடையாளத்தைத் தானே எழுத்தில் விசாரித்துக்கொண்ட முக்கியமான தருணம் என்று இதனை ஆய்வாளர்கள் குறிப்பிடுகின்றனர்.

இவ்விவாதத்தில் ஒரு முன்னனுமானம் மறைந்திருக்கிறது. டன், ஹாங் இருவரும் எதிரெதிரான விடைகளைத் தந்தாலும், தேர்ந்தெடுக்கும் உரிமை தமக்கு உண்டு என்பதில் இருவருக்கும் ஐயமில்லை. அந்த உரிமை தானாக வந்ததன்று. சான்பிரான்சிஸ்கோவில் சீனப் பெற்றோருக்குப் பிறந்த வோங் கிம் ஆர்க், சீனத்துக்குச் சென்று 1895இல் திரும்பியபோது, குடிமகன் அல்லர் என்று கூறித் தடுத்து நிறுத்தப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில், அமெரிக்க மண்ணில் பிறந்தவர் பெற்றோரின் இனம் எதுவாயினும் அமெரிக்கக் குடிமகனே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1898இல் தீர்ப்பளித்தது. சீனத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் 1943 வரை நடைமுறையில் இருந்தது. எனவே, புதிதாக ஒரு சீனர் நுழைய முடியாத நாட்டில், ஏற்கெனவே அங்குப் பிறந்த சீனர் வெளியேற்ற முடியாதவராக இருந்தார். டன்னின் கட்டுரைக்கும் ஹாங்கின் கட்டுரைக்கும் அடியில் வோங் கிம் ஆர்க்கின் வழக்கு கிடக்கிறது.

இரட்டை அடையாளம் பற்றிய சமூகவியல் எழுத்துகள் பெரும்பாலும் இந்த அடித்தளத்தைப் பேசுவதில்லை. சிகாகோ சமூகவியலர் ராபர்ட் பார்க் 1928இல் முன்வைத்த 'விளிம்பு மனிதன்' என்ற கருத்தாக்கம், இரு பண்பாடுகளுக்கு நடுவில் நிற்பவரின் மனத்தில் நிகழும் போராட்டத்தை மையப்படுத்தியது. அதன்பின் வந்த ஆய்வுகள் பலவும், வீட்டில் ஒரு மொழி, வெளியில் ஒரு மொழி. தட்டில் ஓர் உணவு, பள்ளியில் வேறோர் உணவு என்ற வகையில் 'சமநிலை' என்பதனை ஓர் உளவியல் சாதனையாகவே அளந்தன. இவ்வளவுகோலைத் தில்லிக்குக் கொண்டுவந்தால் அது போதாமல் போகிறது. காரணம், இந்தியச் சீன இளைஞரின் இரட்டை அடையாளத்துக்கு 1962இல் விடையெழுதியவர் அவர் அல்லர். தில்லியில் இருந்த அரசு.

இந்தியாவில் சீனக் குடியேற்றம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்குகிறது. வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் கல்கத்தாவுக்குத் தெற்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் நிலம் பெற்றுக் கரும்பாலை நிறுவிய சீன வணிகரின் நினைவாக, அவ்விடம் இன்றும் அச்சிப்பூர் என வழங்குகிறது. பின்னர்க் கான்டன் பகுதித் தச்சர்களும், தோல் பதனிடும் ஹக்கா மக்களும், ஹூபே மாநிலத்துப் பல் மருத்துவர்களும் வந்தனர். அசாமின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட சீனத் தொழிலாளர்களின் வழியினர் மாக்கும் போன்ற ஊர்களில் உள்ளூர்ப் பெண்களை மணந்து வேரூன்றினர். தில்லியில் அச்சமூகம் மிகச் சிறியது. கன்னாட் பிளேஸின் வளைந்த தாழ்வாரங்களில் இருந்த காலணிக் கடைகளும் சில பல் மருத்துவ நிலையங்களும் நகரத்தாருக்கு அதனை அடையாளம் காட்டின. அளவைக் கொண்டு நோக்கினால், இந்தியச் சீனர் வரலாற்றின் தலைநகர் கல்கத்தா. ஆனால் அவர்களுடைய விதி எழுதப்பட்ட இடம் தில்லி.

அவ்விதியின் தொடக்கம் தாராளமானது. அரசியலமைப்பு அவையில் 1949 ஆகஸ்டில் குடியுரிமைப் பிரிவுகள் விவாதிக்கப்பட்டபோது, பிறப்பை அடிப்படையாகக் கொள்வது இந்தியக் குடியுரிமையை மலிவாக்கிவிடும் என்று பஞ்சாப்ராவ் தேஷ்முக் எதிர்த்தார். சென்னையிலிருந்து சென்ற சட்ட அறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், இனத்தையோ மதத்தையோ கொண்டு மனிதர்களுக்குள் வேறுபாடு செய்ய இயலாது என்ற நிலைப்பாட்டில் நின்றார். அவை அல்லாடியின் பக்கமே சாய்ந்தது. 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, 1950 ஜனவரி 26 முதல் இந்தியாவில் பிறக்கும் எவரும், சொற்பமான விலக்குகள் நீங்கலாக, பிறப்பாலேயே குடிமக்கள் என்றது. அதாவது, வோங் கிம் ஆர்க் வழக்காடிப் பெற்றதை, மாக்குமில் பிறந்த சீனக் குழந்தைக்கு இந்தியச் சட்டம் வழக்கின்றியே தந்தது.

1950க்கு முன் பிறந்தவர்களின் நிலை வேறு. அவர்களுள் பலர் குடியுரிமைக்குப் பதிவு செய்துகொள்ளவில்லை. அதற்கான தேவை இருப்பதாகவும் உணரவில்லை. சிலரிடம் கோமின்டாங் அரசு வழங்கிய கடவுச்சீட்டு இருந்தது. 1949 டிசம்பர் 30 அன்று இந்தியா மக்கள் சீனத்தை அங்கீகரித்தவுடன் அச்சீட்டு வெறும் காகிதமாயிற்று. இதனால் ஒரே கூரையின் கீழ், நாடற்ற தந்தையும் பதிவு பெற்ற வெளிநாட்டவரான தாயும் பிறப்பால் இந்தியரான மகளும் சேர்ந்து வாழும் நிலை உருவானது. சீனத்தின் பக்கத்திலிருந்தும் நெருக்கடி இருந்தது. 1909ஆம் ஆண்டுச் சிங் அரசின் தேசிய இனச் சட்டம் முதல், சீனத் தந்தையின் குழந்தை எங்குப் பிறந்தாலும் சீனரே என்பது அந்நாட்டின் கொள்கை. 1955இல் பாண்டுங் மாநாட்டை ஒட்டி இந்தோனேசியாவுடன் செய்துகொண்ட உடன்படிக்கையில்தான், இரட்டைக் குடியுரிமையைக் கைவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு கடல்கடந்த சீனரைக் கேட்கும் கொள்கைக்குச் சௌ என்லாய் அரசு நகர்ந்தது. இந்தியாவுடன் அத்தகைய உடன்படிக்கை ஏதும் ஏற்படவில்லை.

1962 அக்டோபர் 20 அன்று எல்லையில் போர் மூண்டது. அக்டோபர் 26 அன்று நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இந்தியப் பாதுகாப்பு அவசரச் சட்டம் பிறந்தது. அதனைத் தொடர்ந்து, வெளிநாட்டவர் சட்டத்தைப் பொருத்துவது குறித்து ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியாவோடு போரிடும் நாட்டின் குடியாக ஒருவரோ, அவருடைய பெற்றோருள் ஒருவரோ, பாட்டன் பாட்டியருள் ஒருவரோ எக்காலத்திலேனும் இருந்திருப்பின், வெளிநாட்டவர்க்கு உரிய கட்டுப்பாடுகளை அவர்மீது விதிக்கலாம் என்பது அதன் சாரம். 1955ஆம் ஆண்டுச் சட்டம் குழந்தை பிறந்த ஊரைக் கேட்டது. 1962ஆம் ஆண்டுச் சட்டம் பாட்டன் பிறந்த ஊரைக் கேட்டது. முந்தையது நீக்கப்படவில்லை, பிந்தையது அதன்மேல் போர்த்தப்பட்டது. குடிமகனாக இருந்துகொண்டே வெளிநாட்டவராகவும் நடத்தப்படக்கூடிய ஒரு மனிதர் சட்டத்தில் தோன்றினார். இரட்டை அடையாளம் என்ற சொல்லுக்கு இதைவிடத் துல்லியமான, இதைவிடக் கொடிய பொருள் இருக்க முடியாது.

1962 நவம்பரில் அசாமிலும் வடக்கு வங்காளத்திலும் கைதுகள் தொடங்கின. ஏறத்தாழ 3,000 பேர் பல நாள் ரயில் பயணத்தில் ராஜஸ்தானின் தேவ்லி முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். டார்ஜிலிங்கில் கைதான யின் மார்ஷுக்கு அப்போது வயது 13. தம் தந்தை, பாட்டி, தம்பியோடு முகாமில் கழித்த நாள்களை, அமெரிக்காவில் குடியேறிப் பல ஆண்டுகள் கடந்தபின், 2012இல் நூலாக எழுதினார். மாக்குமின் கலப்பு மணக் குடும்பங்களில், சீனக் கணவரோடு முகாமுக்குச் செல்வதா, பிறந்த வீட்டோடு தங்குவதா என்று முடிவெடுக்க வேண்டிய நிலை பெண்களுக்கு ஏற்பட்டது. ரீட்டா சவுத்ரி 2010இல் வெளியிட்ட 'மாகாம்' என்ற அசாமிய நாவல் இப்பிரிவுகளைப் பேசியபின்னரே அசாமிலும் இவ்வரலாறு பரவலாக அறியப்பட்டது.

தேவ்லி என்ற இடத்துக்கும் ஒரு முன்கதை உண்டு. அக்கதை தில்லியின் புராணா கிலாவைத் தொட்டுச் செல்கிறது. 1940களின் தொடக்கத்தில் ஜெயப்பிரகாஷ் நாராயண், டாங்கே உள்ளிட்டோரைப் பிரிட்டிஷ் அரசு தேவ்லியில் அடைத்து வைத்தது. மலாயா, சிங்கப்பூர் பகுதிகளில் பிடிபட்ட ஜப்பானியக் குடிமக்கள் 1942இல் புராணா கிலாவின் மதிலுக்குள் கூடாரங்களில் வைக்கப்பட்டு, 1943இல் தேவ்லிக்கு மாற்றப்பட்டனர். அதே 1942இல் அமெரிக்கா, மேற்குக் கடற்கரையின் ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 1,20,000 பேரை முகாம்களில் அடைத்தது. அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்காவில் பிறந்த குடிமக்கள். போர்க்காலத்தில் இரத்தத்தைக் கொண்டு விசுவாசத்தை அளக்கும் வழக்கம் பேரரசுகளின் பொதுச் சொத்து. சுதந்திர இந்தியா அதனை மரபுரிமையாகப் பெற்றது. முகாமின் கட்டடங்களையும் சேர்த்தே பெற்றது.

முகாமில் குழந்தைகள் பிறந்தன. தேவ்லி வரலாற்றைத் திலீப் டிசூசாவுடன் இணைந்து 2020இல் நூலாக்கிய ஜாய் மா, அம்முகாமில் பிறந்தவர். 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் விலக்குகளுள் ஒன்று இங்கே கவனத்துக்குரியது. தந்தை எதிரி நாட்டவராகவும், பிறந்த இடம் எதிரியின் ஆக்கிரமிப்பில் உள்ளதாகவும் இருந்தால் மட்டுமே பிறப்புரிமை மறுக்கப்படும். தேவ்லி எதிரியின் ஆக்கிரமிப்பில் இல்லை. இந்தியக் காவலர்களின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஆகவே சட்டத்தின் வாசகப்படி, முள்வேலிக்குள் பிறந்த குழந்தை இந்தியக் குடி. குடிமக்களை வெளிநாட்டவராக நடத்துவதற்கென நடத்தப்பட்ட முகாம், புதிய குடிமக்களின் பிறப்பிடமாகவும் இருந்தது என்பது அச்சட்டங்களின் முரண்பாட்டை வேறெதையும்விடத் தெளிவாகக் காட்டுகிறது.

1963இல் சீன அரசு அனுப்பிய கப்பல்கள் மூன்று முறை வந்து 2,000க்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்றன. அவர்கள் புறப்பட்டது சென்னைத் துறைமுகத்திலிருந்து. தமிழ்நாட்டு வரலாற்றில் இச்செய்தி ஒரு வரியாகக்கூட நிற்கவில்லை. சென்றவர்களுள் பலர் சீன மொழியைவிட அசாமியத்தையும் இந்தியையும் நன்கு பேசுபவர்கள். எஞ்சியோர் படிப்படியாக விடுவிக்கப்பட்டனர். சிலர் 1967 வரை முகாமில் இருந்தனர். திரும்பியவர்களின் வீடுகளும் கடைகளும் பெரும்பாலும் அவர்களுடையவையாக இல்லை. பலர் கனடாவின் டொராண்டோவுக்கும் அமெரிக்காவுக்கும் சென்றனர்.

இதே ஆண்டுகளில் தில்லியில் இன்னொரு வரலாறு நிகழ்ந்தது. போர் தந்த அதிர்ச்சியால், சீனத்தை அறிய வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்று, 1964இல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் சீனவியல் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அமெரிக்காவின் ஃபோர்டு அறக்கட்டளை அதற்கு நிதி வழங்கியது. அமெரிக்கப் பணத்தில் இந்திய மாணவர்கள் சீனம் கற்கத் தொடங்கிய அதே காலத்தில், சீனம் பேசத் தெரிந்த இந்தியப் பிள்ளைகள் ராஜஸ்தான் முகாமில் இருந்தனர். சீனத்தைப் பற்றிய அறிவு அரசுக்கு வேண்டியிருந்தது, சீனரைத்தான் வேண்டியிருக்கவில்லை.

இக்கூற்றுக்கு ஒரு விலக்கு உண்டு. ஹூனான் மாநிலத்திலிருந்து வந்த டான் யுன்-ஷான், தாகூரின் அழைப்பால் 1928இல் சாந்திநிகேதன் வந்து, 1937 ஏப்ரல் 14 அன்று திறக்கப்பட்ட சீன பவனத்தை உருவாக்கியவர். திறப்பு விழாவுக்கு வர இயலாத நேருவின் உரையை எடுத்து வந்தவர் அவருடைய மகள் இந்திரா. 1929இல் மலாயாவில் பிறந்து, சீனத்தில் வளர்ந்து, 1950களில் தந்தையிடம் வந்து சேர்ந்த டான் சுங், தில்லிப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் சீன வரலாற்றையும் மொழியையும் பயிற்றுவித்தார். இந்தியாவின் சீனவியலாளர்களுள் ஒரு தலைமுறையினர் அவர் மாணவர்கள். 1940இல் சாந்திநிகேதனில் பிறந்த அவர் தங்கை சமேலி, கலா பவனத்தில் பயின்று, கேரளத்து ஓவியர் அ. ராமச்சந்திரனை மணந்து, தில்லியிலேயே ஓவியராக வாழ்ந்தவர். இந்தியப் பூக்களைச் சீன மை ஓவிய மரபின் சாயலில் தீட்டியவர்.

பண்பாட்டுச் சமநிலைக்கு உதாரணம் தேடுவோர் இவ்விருவரையும் காட்டி நிறைவடையலாம். அவர்களுடைய ஆற்றலைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆயினும் வரலாற்று மாணவர் ஒன்றைக் கேட்டாக வேண்டும். இரு பண்பாடுகளையும் ஓர் உள்ளத்தில் பொருத்திக்கொள்ளும் திறன் மாக்குமின் தச்சருக்கும் இருந்தது. அவர் அசாமியம் பேசினார், பிகூ கொண்டாடினார், சீனப் புத்தாண்டும் கொண்டாடினார். அவரிடம் இல்லாதிருந்தவை சாந்திநிகேதனின் பெயரும் பிரதமரின் அறிமுகமும். ஆக, ஒருவரின் இரட்டைத்தன்மை நாட்டுக்குச் செல்வமாகவும் மற்றவரின் இரட்டைத்தன்மை ஐயத்துக்கு இடமாகவும் ஆனதற்குக் காரணம் அவர்களின் மனநிலையில் இல்லை. வர்க்கத்திலும் செல்வாக்கிலும் இருந்தது. டான் சுங்குக்கு இந்திய அரசு 2010இல் பத்ம பூஷண் வழங்கியது. அப்போது அவர் சிகாகோவில் குடியேறியிருந்தார். சீனம், இந்தியா, அமெரிக்கா மூன்றும் ஒரே வாழ்வில் கூடிய அந்தக் கதை பாராட்டுக்குரியதே. தேவ்லிவாசிகளின் கதைக்கு அது மாற்றாகாது.

தமிழ் வாசகருக்கு இக்கதை அந்நியமானதன்று. தேவ்லி முகாம் இயங்கிக்கொண்டிருந்தபோதே, 1964 அக்டோபர் 30 அன்று, அதே தில்லியில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கையில் நாடற்றவராக்கப்பட்ட மலையகத் தமிழர் 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டனர். எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் முடிவுசெய்ய விடப்பட்டனர். நுவரெலியாவிலும் பதுளையிலும் பிறந்து, தமிழகத்தை ஒருமுறையும் கண்டிராத இளைஞரை 'இந்தியர்' ஆக்கியதும் பாட்டன் பிறந்த ஊரே. மாக்குமின் இளைஞருக்கும் மஸ்கெலியாவின் இளைஞருக்கும் ஒருவரையொருவர் தெரியாது. ஒருவர் ஏறிய கப்பல் கிழக்கு நோக்கியும் மற்றவர் ஏறிய கப்பல் தலைமன்னாரிலிருந்து வடக்கு நோக்கியும் சென்றன. இருவருக்கும் பயணச்சீட்டு எழுதிய தருக்கம் ஒன்றே: மனிதர் வாழ்ந்த ஊரைவிட அவர் குருதி வந்த ஊரே அவருடைய நாடு.

அத்தருக்கம் எப்போதும் தண்டனையாகவே வருவதில்லை. 2005 முதல் இந்தியா வழங்கிவரும் கடல்கடந்த இந்தியக் குடிமகன் அட்டை, இந்தியக் குடியாக இருந்தவரின் பேரன் பேத்திகளுக்கும், இப்போது கொள்ளுப்பேரர்களுக்கும், உரியது. நியூ ஜெர்சியில் பிறந்து இந்தியாவைக் கோடை விடுமுறையில் மட்டும் பார்த்த இளைஞருக்கு, பாட்டன் பிறந்த ஊர் ஒரு கதவைத் திறக்கிறது. 1962இல் அதே உறவுமுறை ஒரு கதவைப் பூட்டியது. தன் வம்சாவளியினர் அயல்நாட்டில் இரு பண்பாடுகளோடு வாழ்வதைப் பெருமையாகக் கொண்டாடும் ஒரு நாடு, தன் மண்ணில் அவ்வாறு வாழ்ந்தவர்களுக்குச் செய்ததை நினைவில் வைத்திருக்க வேண்டிய கடமை உடையது.

1988இல் அமெரிக்கக் காங்கிரஸ், முகாம்களில் அடைக்கப்பட்டு உயிரோடிருந்த ஜப்பானிய அமெரிக்கர்களிடம் மன்னிப்புக் கோரி, ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது. 2017இல் கனடாவில் வாழும் தேவ்லிவாசிகள் சிலர், ஒட்டாவாவிலுள்ள இந்தியத் தூதரகத்துக்குப் பயணம் செய்து, மன்னிப்பு வேண்டும் என்ற கடிதத்தைக் கொண்டுசென்றனர். முகாமில் சிறுவராக இருந்தவர்கள் இப்போது முதியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் டொராண்டோவின் பல்கலைக்கழகங்களில், சீனரா, இந்தியரா, கனடியரா என்ற கேள்விக்குத் தாமே விடை எழுதுகின்றனர். எந்த விடையை எழுதினாலும் அதற்காக அவர்களை யாரும் ரயிலேற்ற முடியாது. அடையாளத்தைப் பற்றிய இளமைக்குரிய தத்தளிப்பு என்று நாம் அழைப்பது, உண்மையில் அந்தப் பாதுகாப்பு உள்ளவர்களுக்கே வாய்க்கிறது. 1962இன் மாக்குமில் அதே வயதில் இருந்தவர்களுக்குத் தத்தளிக்க நேரமிருக்கவில்லை. கையில் கொள்ளும் அளவு துணியைக் கட்டிக்கொள்ள மட்டுமே நேரமிருந்தது.